ஒற்றைக் கோட்டின் தீர்ப்பு

தங்கத்தின் நிறம் யாதெனின் மஞ்சள் என்று சிறுவரும் விடையிறுப்பர். அதனையே மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் கலந்து நிறுத்தின், அந்நீர் மாணிக்கம் போற் சிவந்து தோன்றும். இவ்வியல்பை மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் இலண்டன் மாநகரில் ஆராய்ந்து 1857-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தகைய துகள்களை இக்காலத்தார் நானோத் துகள்கள் என்பர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒன்று நானோமீட்டராம். தமிழ் வகுப்பினராகிய யாம் இதற்குத் தனிச்சொல் ஆக்க முயன்று, பன்னாள் வழக்காடியபின், நானோ என்பதே நாவிற்கு எளிதென விடுத்தோம்.

குருதியில் அணுவளவாய்க் கலந்துள்ள ஒரு பொருளை, அதனையே தேர்ந்து பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கலாமென நிறுவியவர் அமெரிக்க நாட்டு ராஸலின் யாலோ அம்மையாரும் ஸாலமன் பெர்ஸனும் ஆவர். அவர் தம் முறைக்குத் தனியுரிமை வேண்டிற்றிலர். பெர்ஸன் 1972-இல் இறந்துபட்டமையின், 1977-இல் நோபெல் பரிசு இவ்விருவருள் அம்மையாருக்கே கிடைத்தது. அம்முறைக்குக் கதிரியக்கப் பொருளும் பெரிய ஆய்வுச்சாலையும் வேண்டும். பின்வந்தோர் கதிரியக்கப் பொருளிருந்த இடத்திற் பொற்றுகளை அமர்த்தினர். ஆய்வுச்சாலை ஒரு சிறு பட்டையுள் அடங்கிற்று.

மலேரியாச் சோதனைப் பட்டை செயற்படுமாற்றைக் காண்க. அதன் ஒரு முனையில் எதிர்ப்பொருள் போர்த்த பொற்றுகள்கள் உள. நோயாளியின் குருதித்துளியில் மலேரியாக் கிருமியின் புரதம் இருப்பின், துகள்கள் அதனைப் பற்றிக்கொண்டு ஈரத்தோடு ஊர்ந்து செல்லும். வழியில் நிலைபெற்றுள்ள மற்றோர் எதிர்ப்பொருள் அப்புரதத்தைப் பிடித்து நிறுத்த, ஆங்குத் துகள்கள் குழுமிச் செந்நிறக் கோடாகும். அப்பாலுள்ள கோடு பட்டை பழுதற்றதென்பதற்குச் சான்று. மின்விளக்கற்ற சிற்றூரிலும் கால்மணி நேர அளவில் விடை கிடைக்கும். இதனினும் ஏழைக்கு உதவிய விஞ்ஞானம் சிலவே என்பது எம் கருத்து.

ஆயினும் இஃது எளிதாயிற்றென்று நுண்ணோக்கியைப் பெட்டியிலிட்டுப் பூட்டுதல் தகாது. பெரும்பாலான பட்டைகள் தேடுவது எச்.ஆர்.பி.2 என்னும் புரதத்தையே. அதனை ஆக்கும் மரபணுவே இல்லாத கிருமிகள் பெரு நாட்டில் உண்டென்பது 2010-இல் வெளிப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்காவின் எரித்திரியாவிலும் அவ்வாறே நேர்ந்தது: பட்டையோ ஒற்றைக் கோடு காட்டி நோயில்லை என்றது, நுண்ணோக்கியிலோ கிருமிகள் தெளிவாய்த் தோன்றின. கண்ணாடிச் சில்லிற் குருதியைத் தடவிப் பார்ப்பார் ஆங்கு ஒருவருமிலராயின் யாது விளைந்திருக்கும்? காய்ச்சலால் நடுங்கும் குழந்தையை மருந்தின்றித் தாயொடு வீட்டிற்கு அனுப்பியிருப்பரன்றோ! அந்நாட்டார் 2016-இல் வேறு புரதத்தை நாடும் பட்டைக்கு மாறினர்.

இத்தகைய கிருமிகளாற் பிழைபடும் விடைகள் நூற்றுக்கு 5-க்கு மேற்படின் பட்டையை மாற்றுக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த ஐந்தை எண்ணுதற்கும் நுண்ணோக்கியோ, மரபணுச் சோதனையோ வேண்டும். பட்டை தன் பிழையைத் தானே உரையாது. விலங்கியற் சாலையிற் கண்ணாடிச் சில்லுகளோடு மாலைப்பொழுதைக் கழிக்கும் நண்பர்களைப் பழங்காலத்தவரென நகைப்பாரும் நம்மிடை உளர். அவர்க்கு எரித்திரியாவை நினைவூட்ட விழைகின்றோம்.