மழைக்காலமும் குடும்பத்தாரின் கடமையும்

ஐப்பசி பிறந்தால் வானத்தைப் பார்ப்பதும், வானிலைச் செய்திக்குச் செவி சாய்ப்பதும், கடைக்கு ஓடுவதும் நம் கடற்கரை ஜில்லாக்களில் வருஷந்தோறும் நிகழும் சடங்காகிவிட்டன. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விஷயம். அறிந்திருந்தும், புயற் கூண்டு ஏறிய பிறகே நாம் மெழுகுவர்த்தி வாங்கப் புறப்படுகிறோம். அப்பொழுது கடையில் மெழுகுவர்த்தி இராது. பால் இருந்தால் இரட்டிப்பு விலை. கடைக்காரரை ஏசிக்கொண்டே வீடு திரும்புகிறோம். அவர் செய்வது நியாயமென்று நாம் கூறவில்லை. ஆயினும் ஆவணியில் அதே கடையில் அதே மெழுகுவர்த்தி கேட்பாரற்றுக் கிடந்ததையும் நினைக்க வேண்டாமா?

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பெய்த மழையை அனுபவித்தவர்கள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள். மறுநாட் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டு, உறங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரம் நின்றது, அது நிற்கவே கைத்தொலைபேசிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாயின. விமான நிலையம் மூடப்பட்டது. 1878-ல் தோன்றிய 'தி ஹிந்து' பத்திரிகை டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவில்லை; வேலையாட்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வழியில்லாது போயிற்று. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களாதலின் நாம் இதைச் சிறப்பாகக் குறிப்பிடுகிறோம். எந்த நாளில் ஜனங்களுக்குச் செய்தி மிகவும் தேவையோ, அந்த நாளில் செய்தி கொண்டுவருவோரும் வெள்ளத்தில் அகப்பட்டிருப்பார்கள். ஆதலின் அன்று செய்ய வேண்டியதை அன்று கேட்டறிந்து செய்வோம் என்றிருப்பது வீண்.

ஏரியை எப்பொழுது திறந்திருக்க வேண்டும், ஆற்றங்கரையில் கட்டிடம் எழுப்ப அனுமதித்தவர் யார் என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றைக் கேட்பதை நாம் விட்டுவிடப் போவதுமில்லை. ஆனால் சர்க்காரின் தவறு நமது அசட்டைக்குச் சமாதானமாகாது. 2005-ம் வருஷத்திய பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசத்துக்கும் மாநிலத்துக்கும் ஜில்லாவுக்கும் தனித்தனியே ஆணையங்களை ஏற்படுத்தியிருக்கிறது. சட்டம் படித்தவர்களென்ற முறையில் அதனை நாம் வரவேற்கிறோம். எனினும் எத்தனை ஆணையங்கள் இருந்தாலும், ஒரு தெருவில் தண்ணீர் ஏறிய வேளைக்கும் மீட்புப் படகு அத்தெருவுக்குள் நுழையும் வேளைக்கும் இடையே ஓர் இரவோ மூன்று நாட்களோ கழியும். அந்த இடைக்காலத்துக்குக் குடும்பத்தாரே பொறுப்பு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பிரதேசம் பட்ட பாட்டை நேயர்கள் அறிவார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், தண்டவாளத்தின் அடியிலிருந்த மண் அரித்துப் போனதால், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்கு முதலில் சோறு போட்டவர்கள் அருகிலிருந்த கிராமத்து ஜனங்களே. அவர்களும் மழையில் நனைந்தவர்கள்தாம்; ஆனால் அவர்கள் வீட்டில் அரிசி இருந்தது. சேமித்து வைப்பது சுயநலம் என்று சிலர் நினைக்கிறார்கள். புயல் நாளில் கடையைக் காலி செய்வதுதான் சுயநலம். முன்னமே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தவன் அண்டை வீட்டாருக்கும் ஒரு பிடி கொடுப்பான்.

என்ன சேர்ப்பது? முதலாவது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் என்று கொண்டால், ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். 20 லிட்டர்க் கேன்கள் மூன்று. இது பெரிய செலவன்று. அடுப்பு எரியாது போனாலும் உண்ணக்கூடிய அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் ஆகியவை வேண்டும். நம் பாட்டிமார் சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போட்டு, குதிரில் நெல் நிரப்பி, மழைக்கு முன் விறகைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். பேரிடர் என்ற சொல்லை அவர்கள் கேட்டதுகூட இல்லை. இன்று பத்து நிமிஷத்தில் வீடு தேடி வரும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பி, மறுநாளைய காப்பித் தூள்கூட இல்லாமல் உறங்கச் செல்லும் வீடுகள் அநேகம்.

உணவைக் காட்டிலும் நாம் அஞ்சுவது மருந்தைப் பற்றியே. ஒருநாள் பசி பொறுக்கலாம். இரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் இருதய நோய்க்கும் உட்கொள்ளும் மாத்திரையைப் பல நாள் நிறுத்தலாகாது. அத்தகையோர் உள்ள வீட்டில் இரண்டு வாரத்துக்குரிய மாத்திரை எப்பொழுதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். டாக்டரின் சீட்டும் கூடவே இருத்தல் வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் மின்சாரம் நின்றதும் கலங்குகிறார்கள். ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் புகாத சிறு டப்பாவில் அம்மருந்தை வைத்தால் அது பல நாள் கெடாமல் இருக்கும். பனிக்கட்டியின் மேலேயே வைத்தல் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

அடுத்தது பத்திரங்கள். வெள்ளத்தில் கிரயப் பத்திரம் ஊறிப் போய்விட்டதென்று அழுகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம்: காகிதம் போனதால் நிலம் போய்விடாது. பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் பத்திர எண் என்ன, எந்த வருஷம், எந்த அலுவலகம் என்ற மூன்றும் தெரியாதவர்கள் அந்த நகலுக்காக மாதக் கணக்கில் அலைய நேரும். இம்மூன்றையும் வங்கிக் கணக்கு எண், இன்ஷ்யூரன்ஸ் எண் இவற்றோடு சேர்த்து ஒரு சிறு நோட்டில் எழுதி, ஒரு பிரதியை வெளியூரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது அரைமணி வேலை. மூலப் பத்திரங்களைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, மேல்தட்டில் வையுங்கள். நம்மில் பெரும்பாலோர் அவற்றை அடித்தட்டில்தான் வைக்கிறோம், காரணம் தெரியவில்லை.

இவையெல்லாம் பணத்தாலும் சிரத்தையாலும் ஆகிறவை. பணத்தால் ஆகாதது ஒன்றுண்டு: எப்பொழுது வீட்டைவிட்டுப் புறப்படுவது என்ற தீர்மானம். தண்ணீர் வாசற்படியைத் தொட்ட பிறகு இவ்விவாதத்தைத் தொடங்கும் குடும்பம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. தகப்பனார் வரமாட்டேன் என்பார். பாட்டிக்கு நடக்க முடியாது. டெலிவிஷனை மேலே தூக்கி வைக்க வேண்டும். பசுவை என்ன செய்வது? இப்படியே நேரம் கழியும். ஓடும் வெள்ளம் அரையடி ஆழமிருந்தாலே வளர்ந்த மனிதனின் காலை வாரிவிடும். ஓரடி ஆழத்தில் சிறிய மோட்டார் வண்டி மிதக்கத் தொடங்கும். ஆதலின் வெயில் காயும் ஒரு நாளில், குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து, எந்த அடையாளம் கண்டால் புறப்படுவது, எந்த உறவினர் வீடு அல்லது எந்த முகாம், பாட்டியைத் தூக்குகிறவர் யார் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவை மூத்தவர் வாயாலேயே சொல்லச் செய்வது நலம். மழை நாளில் அவரை யாரும் வற்புறுத்த வேண்டிவராது.

புறப்படுமுன் மின்சாரத்தின் பிரதான சுவிட்சை நிறுத்த வேண்டும். தண்ணீர் அதை எட்டிவிட்டதாயின் தொடவே கூடாது. காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். ஜெனரேட்டரை வீட்டினுள் ஓட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

வெள்ளம் வடிந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவது பெருந்தவறு. வெள்ளம் புகுந்த தரைக்கீழ்த் தொட்டியில் சாக்கடையும் கலந்திருக்கும். அதை முற்றிலும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் இட்ட பிறகே மோட்டாரைப் போட வேண்டும். குடிக்கும் நீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்கவிடுவது அவசியம். கலங்கல் நீரில் குளோரின் மாத்திரையைப் போட்டுவிட்டுத் திருப்தியடைவதில் பயனில்லை. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து, காலிலுள்ள சிறு புண் வழியாக உடலில் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். வெள்ளத்தில் நடந்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் வேண்டாம்; கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறித்து இன்னும் இரண்டு வார்த்தை. 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, பன்காவ் முகாமில் காலரா பரவிற்று. இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. அந்தக் கரைசலின் பொட்டலம் இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். நாலைந்து வாங்கி வையுங்கள். அது இல்லாதபோது, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. அளவில் கவனம் வேண்டும்.

'ஒற்றை அறையில் வாடகைக்கிருக்கும் எங்களுக்கு இதெல்லாம் ஆகுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மேல்தட்டு இல்லாதவர் எங்கே பத்திரம் வைப்பார்? இங்கேதான் தெருவாரின் கடமை வருகிறது. மாடி வீட்டுக்காரர் ஒருவர் தம் வீட்டு மூலையில் கீழ்வீட்டார் நால்வரின் பையை வைக்க இடம் கொடுத்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஜில்லாவுக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்களைப் பெரிய எழுத்தில் தெருமுனைச் சுவரில் எழுதி வைக்கப் பத்து ரூபாய்ச் சுண்ணாம்பு போதும்.

அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் எல்லா ஏற்பாடும் செய்தவர்கள்கூட, கீழ்த்தளத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் படுத்துறங்கும் காவற்காரரை மறந்துவிடுகிறார்கள். வெள்ளம் முதலில் சேருமிடம் அவருடைய பாய். பல கட்டிடங்களில் மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கும். சாவி சங்கத்தின் காரியதரிசியிடம் இருக்கும். காரியதரிசி ஊரில் இருக்கமாட்டார். அந்தச் சாவியில் ஒன்று காவற்காரர் கையில் இருக்கிறதா என்பதைக் குடியிருப்போர் இவ்வாரமே விசாரித்தறிய வேண்டும்.