சிவப்பு எச்சரிக்கை சொல்லாமல் விட்ட கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்தால் மழை ஓயும் என்பது மக்களின் பொதுவான எண்ணம். ஆனால் புயல் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. முன்னறிவிப்பின்றித் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள்; முறைப்படி எச்சரித்தோம் என்றது அரசு.

எச்சரிக்கை வந்ததா என்பதோடு, அதில் என்ன இருந்தது என்றும் நாம் கேட்க வேண்டும். ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்றால் வானிலைத் துறை அதை அதிகனமழை என்கிறது. சிவப்பு எச்சரிக்கை விடுகிறது. 21 செ.மீ.க்கும் சிவப்பு, 50 செ.மீ.க்கும் சிவப்பு. முன்னது தெருவில் தண்ணீர் தேங்கும் மழை. பின்னது ஏரிக்கரையை உடைக்கும் மழை.

இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. காற்று மண்டலத்தின் இன்றைய நிலையை அளப்பதில் நேரும் சிறு பிழைகூட சில நாட்களில் பெரிதாகிவிடும் என்று எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். எனவே தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி, ஒரே கணிப்பைப் பல முறை கணினியில் ஓடவிடுகிறார்கள். இதுவே குழுமக் கணிப்பு. இந்தியாவில் 2018 ஜூன் முதல் 12 கி.மீ. கட்டங்களில் இது நடைபெறுகிறது. உதாரணத்துக்கு, 20 ஓட்டங்களில் 17 புயல் நகர்ந்துவிடும் என்றும், 3 அது நின்று கொட்டும் என்றும் சொன்னால், அணைப் பொறியாளர் கவனிக்க வேண்டியது அந்த மூன்றைத்தான்.

குறை கட்டத்தின் அளவில் இருக்கிறது. 12 கி.மீ. கட்டம் என்றால் 144 சதுர கி.மீ.க்கு ஒரே மழையளவு. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டும் சுற்றியுள்ள ஊர்களும் ஏரிகளும் அதில் ஒரு புள்ளி. இடிமேகமோ சில கி.மீ. அகலமே உடையது. 2025 மே மாதம் தொடங்கப்பட்ட பாரத் முன்கணிப்பு முறை 6 கி.மீ. வரை இறங்கியிருக்கிறது, நல்ல முன்னேற்றம். ஆனால் கட்டத்தைப் பாதியாக்கினால் கணினியின் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். நுண்ணிய கட்டத்தில் பல ஓட்டங்களையும் நடத்தும் அளவுக்கு அரசு செலவிட வேண்டும்.

கணித்தால் மட்டும் போதாது. அணையை முன்கூட்டியே தாழ்த்தி, மழை வராமல் போனால் பாசன விவசாயி பாதிக்கப்படுவார். தாழ்த்தாமல் இருந்து மழை வந்தால் ஆற்றோரக் குடிசைவாசி பாதிக்கப்படுவார். எத்தனை சதவீத வாய்ப்புக்கு எவ்வளவு நீர் திறப்பது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே முடிவுசெய்து மக்களுக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும்.

மழையைக் கணிப்பது மறைவான ஞானத்தில் தலையிடுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் மட்டுமே. இந்தக் கணிப்போ தனக்கு உறுதியாகத் தெரியாது என்பதைச் சதவீதமாகவே ஒப்புக்கொள்கிறது. வரவிருந்த பஞ்சத்தை அறிந்த யூசுஃப் நபி (அலை) ஏழாண்டு தானியத்தைச் சேமிக்கச் சொன்னார்கள். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். முன்னேற்பாடு தவக்குலுக்கு எதிரானதல்ல. அதன் ஒரு பகுதி.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாழ்வான வீடுகளையும், முதியோர், கர்ப்பிணிகளையும் பட்டியலிட வேண்டும். எச்சரிக்கை வந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி எல்லாச் சமயத்தாருக்கும் அறிவிக்கட்டும். பள்ளியின் கதவும் அவர்களுக்குத் திறந்திருக்கட்டும். மழையை ரஹ்மத்தாக ஆக்க அல்லாஹ்விடம் கையேந்துவோம். அந்தக் கைகளாலேயே ஏரிக்கரையையும் பலப்படுத்துவோம்.