கொல்லையில் கட்டும் விண்கலம்

தம் கையாலேயே ஒரு கலம் கட்டி, அதிலேறி ஞாலத்தைச் சுற்றிவர விழைவாரைக் கண்டால் நகைப்பதே பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. நகைப்பதற்கு அவ்விழைவில் ஒன்றுமில்லை. ஆயினும், உயரே செல்லுதல் வேறு, சுற்றிவருதல் வேறு என்பதை அவர் முதற்கண் உணர்தல் வேண்டும். ஒரு பொருளை நூறு கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்க வேண்டும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு, அதனைச் சுற்றுநெறியில் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் விரைவில் ஓடச்செய்வதற்கு வேண்டும். அவ்விரைவு எய்தாத கலம், அவ்வுயரத்தினின்று எறிகல்லே போல் மீண்டு விழும். எய்திய கலத்திற்கோ, திரும்புங்கால் அவ்விரைவு முழுதும் வெப்பமாக மாறி எதிர்நிற்கும்.

இவ்வேறுபாட்டை மறையாது ஒப்பியவர், தென்மார்க்கு நாட்டுக் 'கோப்பனேகன் சபார்பிட்டல்சு' குழுவினர். 2008-இல் தொடங்கிய அக்குழு, ஊதியமின்றி உழைப்பவராலும் மக்கள்தம் நன்கொடையாலும் இயங்குவது. ஞாலத்தைச் சுற்றுவோம் என்று அவர்கள் முழங்கவில்லை; ஒருவரை நூறு கிலோமீட்டர் ஏற்றி உயிரோடு இறக்குவோம் என்றே கூறினர். 2010-இல் பால்டிக்குக் கடலில் ஏவ முனைந்தபோது, நீர்ம உயிரகம் பாயும் அடைப்பிதழ் குளிரில் இறுகிப்போயிற்று. அதனை வெம்மையாக வைத்திருக்க அவர்கள் பொருத்தியிருந்தது, கூந்தல் உலர்த்தும் கருவி! அதற்கு வேண்டிய மின்னாற்றல் தீர்ந்துவிட்டது. (நகைப்பவர், 1986-இல் அமெரிக்க அரசின் 'சேலஞ்சர்' கலத்தை வீழ்த்தியதும் குளிரில் விறைத்த ஓர் இரப்பர் வளையமே என்பதை நினைக்க.)

அடுத்த ஆண்டு சூன் 3-இல் கலம் 2.8 கிலோமீட்டர் எழுந்தது. வான்குடைகள் அறுந்தன, கலம் கடலில் மோதி நெளிந்தது. உள்ளிருந்தது வெறும் பாவை! 2018 ஆகத்து 4-இல் 'நெக்சோ 2' ஆறரைக் கிலோமீட்டர் எழுந்து, வான்குடையால் மெல்ல இறங்கிற்று. பத்தாண்டு உழைப்பிற்கு ஆறரைக் கிலோமீட்டர்தானா எனின், ஆம். அதனை யான் சிறிதென்னேன். இதுகாறும் அவர்கள் தம் கலத்தில் ஆளை ஏற்றவில்லை.

அமெரிக்கரான மைக்கு இயூசு அவ்வாறு காத்திருக்கவில்லை. நீராவியால் எழும் கலம் சமைத்து, 2018-இல் தாமே பறந்து மீண்டவர் அவர். 2020 பிப்ரவரி 22-இல் கலிபோர்னியாவின் பார்சுடோ அருகில் மீண்டும் எழுந்தபோது, வான்குடை தொடக்கத்திலேயே பிய்ந்தது, அவர் மாண்டார். அவர்தம் துணிவு ஐயத்திற்கு இடமற்றது. பாவை அமரவேண்டிய இருக்கையில் தாம் அமர்ந்ததே எனக்கு உடன்பாடன்று.

சுற்றுநெறியை நாடும் இளைஞர் எவரேனும் எதிர்ப்படின், பொறியின் உந்துவிசையை யான் வினவேன். எத்துணை முறை பாவையை மேலேற்றி, உடையாமல் இறக்கினீர் என்றே வினவுவேன்.