வங்காலைப் பறவைகளும் நாமும்

சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் செல்லும் அடியார்களுள் எத்தனை பேர், அங்கிருந்து மன்னார்த் தாம்போதி வரை வீதியின் இருமருங்கிலும் விரியும் நீர்ப்பரப்பை நின்று பார்த்திருப்பார்கள்? அது வங்காலைச் சரணாலயம். 2008 இல் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் றாம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் பனிக்காலத்தை இங்குதான் கழிக்கின்றன. பூநாரைகள் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடித்துண்ணும் காட்சிக்கு ஒரு பகற்பொழுது போதாது. (மடுவின் ஆவணித் திருவிழாவுக்கு வருவோருக்கு இந்த வாய்ப்பில்லை, அப்போது வலசைப் பறவைகளிற் பெரும்பாலானவை வடக்கே இருக்கும்.)

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் எழுந்துள்ளன. அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகிய பின்னரும் பிரச்சினை ஓயவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். நிலம், வெள்ளம், மீன்பிடி என்று அவர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. ஆனால் பறவைகளுக்காகப் பேசும் பொறுப்பைக் கொழும்பின் ஆங்கிலம் பேசும் சூழலியலாளர்களிடமே பெரும்பாலும் விட்டுவிட்டோம். இது நமக்குப் பெருமையன்று. காற்று மின்சாரம் நாட்டுக்குத் தேவை. கோபுரங்களையும் மின்கம்பிகளையும் எங்கே நிறுவலாம் என்று வாதிடப் பறவைகள் பறக்கும் பாதை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த சிவராத்திரிக்குத் தொலைநோக்கியையும் எடுத்துச் செல்லுங்கள். விடிந்ததும் வாகனத்தை ஓரமாக நிறுத்துங்கள், சாரதி முணுமுணுப்பார். பறவைகளை எழுப்பிப் படமெடுக்கக் கல்லெறிய மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள்.