கணினிக்கு முன் வார்டைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், பதிவறை ஊழியர், அங்கே சிகிச்சைக்கு வருவோர், அவர்களுக்குத் துணையாகப் படுக்கையருகே உட்காருவோர், மென்பொருள் எழுதுவோர் ஆகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். மருத்துவமனைக்குள் எந்தத் தகவல் தொழில்நுட்பம் வர வேண்டும் என்பதை அங்கே நடக்கும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும். டெண்டர் அதன் பிறகு வரட்டும். இதுவே எங்கள் கொள்கை.

இப்போது நடப்பது பெரும்பாலும் தலைகீழ். கணினி முதலில் வந்து இறங்குகிறது. மென்பொருளுக்கு ஒரு நாள் பயிற்சி. பழைய நோட்டும் கூடவே தொடர்கிறது, தணிக்கைக்கு வருபவர் நோட்டைத்தானே கேட்பார்? நட்டு முடித்த பிறகு வயலை உழுகிற வேலை இது.

கிராம சுகாதாரச் செவிலியரை எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணிகளைப் பெயர் பெயராகப் பின்தொடர பிக்மி என்னும் இணையப் பதிவு வழிசெய்தது. அதன் நன்மையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதே பெண்ணின் பெயர், வயது, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பதிவேட்டிலும் ஏறுகின்றன, கையில் கொடுக்கும் அட்டையிலும் ஏறுகின்றன, மாத அறிக்கைக்காக மறுபடி கூட்டப்படுகின்றன. பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி எண் தேவைப்படுவதால் இணையப் பதிவைத் தள்ளிப்போடவும் முடியாது. சிக்னல் இல்லாத ஊரில் பகலெல்லாம் வீடு வீடாக நடந்தவர், இரவில் தன் வீட்டில் உட்கார்ந்து அதை ஏற்றுகிறார். அந்த இரவு நேரத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது யார்? நாங்கள் எழுதுவோம். ஒரு தகவலை ஒரு முறைதான் பதிய வேண்டும். புதிய திரை ஒன்று திறக்கும்போது எந்தக் காகிதப் பதிவேடு மூடப்படுகிறது என்பதும், தணிக்கை அதை ஏற்கும் என்பதும் அதே ஆணையில் இருக்க வேண்டும்.

இது நடவாத காரியம் என்று எங்களிடம் யாரும் சொல்ல வேண்டாம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நம் கண்முன் நிற்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வரையறுத்தார்கள். கொள்முதலை ஓரிடத்தில் குவித்தார்கள். மாவட்டக் கிடங்குகள் அமைத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் ஒதுக்கீட்டையும் எடுத்த மருந்தையும் காட்டும் பாஸ்புத்தகம் கொடுத்தார்கள். அந்த முறைக்குத் துணையாகத்தான் கணினி நின்றது. எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. கணினியால் மட்டும் அந்தப் பெருமை வந்துவிடவில்லை.

மாறாக, இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் 2002இல் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டம், சில பெரிய நிறுவனங்களுக்கு மையத்திலிருந்து ஒப்பந்தம் கொடுத்து, நாடு முழுக்க ஒரே வார்ப்பை இறக்கப் பார்த்தது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் போதிய அளவு கலந்து பேசவில்லை. 2011இல் அரசே அதைக் கலைப்பதாக அறிவித்தது. செலவு சுமார் ஆயிரம் கோடி பவுண்டு. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. அந்தத் தவறைச் செய்து பார்க்கும் வசதியும் நமக்கு இல்லை.

ஆகவே மதிப்பீடு என்று நாங்கள் சொல்வது மாநாட்டு அறையில் காட்டும் படக்காட்சி அல்ல. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நோயாளியோடு நின்று, மருத்துவர் அறை, ரத்தப் பரிசோதனை, மருந்து கவுண்டர் என்று அவரோடு போய், எங்கே காத்திருந்தார், எதை இரண்டாம் முறை சொன்னார், எந்தச் சீட்டு தொலைந்தது என்று எழுதுவதே மதிப்பீடு. இரவுப் பணியிலும் இதைச் செய்ய வேண்டும். வார்டில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, மின்சாரம் போனால் யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும், நள்ளிரவில் பிரிண்டர் நின்றால் யாரைக் கூப்பிடுவது, பழைய மென்பொருளில் இருக்கும் நோயாளி விவரத்தைப் புதியதற்கு மாற்ற முடியுமா, ஆய்வகக் கருவி கொடுக்கும் முடிவு நேரே கேஸ் ஷீட்டுக்கு வருமா, அல்லது ஒருவர் பார்த்து எழுத வேண்டுமா என்றெல்லாம் கேட்க வேண்டும். இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகே திட்டம். அதிலும் வாங்கும் செலவோடு, பின்வரும் ஆண்டுகளின் பராமரிப்பு, பயிற்சி, ஆள் சம்பளம் மூன்றும் இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள் நம் தரவு அடைபடாமல், வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய பொதுத் தர வடிவில் அது இருக்க வேண்டும்.

கணினி நிற்கும் நாளுக்கும் திட்டம் வேண்டும். 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் கணினித் தீநிரல் தாக்கியபோது இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. அது நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் முடக்கப்பட்டன. சுமார் இரண்டு வாரம் அங்கே பேனாவும் காகிதமும்தான் ஓ.பி.யை நடத்தின. தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறோமே, அதைப்போலக் கணினியில்லாப் பயிற்சியையும் ஒவ்வொரு மருத்துவமனையும் நடத்த வேண்டும். காப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.

நோயாளியின் விவரம் நோயாளிக்குரியது. ஆபா என்னும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் விருப்பப்பட்டவர் பெற்றுக்கொள்வது. அது இல்லையென்று எவருக்கும் சிகிச்சை தாமதமாகக் கூடாது. எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநலச் சிகிச்சை பற்றிய பதிவுகளை யார் திறந்தார், எப்போது திறந்தார் என்பது பதிவாக வேண்டும். நோயாளி கேட்டால் தமிழில் காட்ட வேண்டும்.

எங்கள் முதல் பணி இது. உறுப்பினர்கள் தம் மருத்துவமனையின் அனுமதியோடு, நோயாளி பெயர்களைத் தவிர்த்து, ஒரு வார்டின் எல்லாப் பதிவேடுகளையும் பட்டியலிடுவார்கள்: எதில் என்ன எழுதப்படுகிறது, அதை யார் படிக்கிறார்கள் என்று. யாருமே படிக்காத பதிவேட்டை நிறுத்தும்படி கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்போம். பட்டியலைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மருத்துவமனை மென்பொருள் விற்கும் நிறுவனத்தாரும் எங்கள் கூட்டங்களில் உட்காரலாம், பேசலாம், திருத்தம் சொல்லலாம். எதை வாங்கப் பரிந்துரைப்பது என்ற வாக்கெடுப்பில் மட்டும் அவர்களுக்கு வாக்கு இல்லை. அங்கே இரவுப் பணிச் செவிலியருக்கும் துறைத் தலைவருக்கும் நோயாளிக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு.