பந்தி இங்கே, வழக்கு எங்கே?

திருக்கடையூரில் வருஷம் முழுக்கக் கல்யாணம்தான். அறுபதுக்கு மணிவிழா, எண்பதுக்கு சதாபிஷேகம் என்று அமிர்தகடேசுவரர், அபிராமி சன்னிதிக்கு வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எங்கள் வயலில் விளைகிற சீரகச் சம்பாவையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் நெல்லாக விற்றால் கட்டுப்படியாகவில்லை. அதனால் நாலு வருஷமாக அந்தப் பந்திகளுக்கு நாங்களே சமைத்துப் போடுகிறோம். வீட்டுக்காரியும் மகளிர் குழுப் பெண்கள் நாலு பேரும்தான் சமையல்.

போன வருஷம் சென்னைக்காரர் ஒருவர் அவர் அப்பாவின் எண்பதுக்கு 150 பேருக்குச் சொன்னார். அட்வான்ஸும் கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்து, "இந்த மாதிரி சோறு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு" என்றார். மீதி 38,000 ரூபாயை ஊர் போய் அனுப்புகிறேன் என்று காரில் ஏறியவர்தான், அப்புறம் போனே எடுக்கவில்லை. குழுப் பெண்களுக்குக் கூலியை வீட்டுக்காரி நகையை அடகு வைத்துக் கொடுத்தேன்.

"அவரு இருக்கிற ஊர்லதான் கேஸ் போடணும்ணே. சென்னைக்கு நாலு நடை போனா உங்க பணம் பஸ்ஸுக்கே சரியாப் போயிடும். விட்டுத் தள்ளுங்க." ஊரில் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தெருப் பெரியவர்தான், "யாரு சொன்னது?" என்று கேட்டார்.

1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், 20ஆம் பிரிவு. எதிராளி குடியிருக்கிற ஊரிலோ தொழில் செய்கிற ஊரிலோ வழக்குப் போடலாம். வழக்குக்குக் காரணமான சங்கதி முழுசாகவோ ஒரு பகுதியோ எந்த ஊரில் நடந்ததோ, அங்கேயும் போடலாம். நம் விஷயத்தில் பேசி முடித்தது இங்கே, சமைத்தது இங்கே, சாப்பிட்டதும் இங்கே. நம் எல்லைக்குரிய முன்சீப் கோர்ட்டே போதும். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017லிருந்து நூற்றுக்கு 3 ரூபாய், எனக்கு 1,140. வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கே தீர்ப்பு வாங்கினாலும், அவர் சொத்து சென்னையில் இருந்தால் அதை அந்த ஊர் கோர்ட்டுக்கு மாற்றித்தான் நிறைவேற்ற வேண்டும்.

எனக்காவது கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் இல்லை. பாரம்பரிய அரிசி வாங்க வருகிற கம்பெனிகளோடு ஒப்பந்தம் போடுகிறவர்கள் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். "தகராறுகள் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவை" என்று ஒரு வரி இருக்கும். குஜராத் கம்பெனி ஒன்றுக்கும் சேலத்து நிறுவனத்துக்கும் நூல் வியாபாரத்தில் தகராறு வந்தது. ஒப்பந்தத்தில் கைரா என்று குஜராத் ஊர் எழுதியிருந்தது. சேலத்துக்காரர் சேலத்திலேயே வழக்குப் போட்டார். 'மட்டும்' என்கிற வார்த்தை அதில் இல்லாததால் சேலத்தில் நடத்தலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2013இல், இந்தியன் ஆயில் சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில், 'மட்டும்' இல்லாவிட்டாலும் ஓர் ஊரைப் பெயர் சொல்லி எழுதினாலே மற்ற ஊர்களை விலக்கியதாகத்தான் அர்த்தம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே அந்த வரியை அடித்து, நம் ஊர் கோர்ட் பெயரை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நம் பில் புத்தகத்திலும் நம் ஊர்ப் பெயர் இருக்கட்டும்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்று. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, பொருள் வாங்கினவர் தான் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். என் சோறு சரியில்லை என்றால் அந்தச் சென்னைக்காரர் சென்னையிலேயே என்மேல் புகார் போட்டிருப்பார்; 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. பதிவு செய்த சிறு தொழில்களுக்கு 2006ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதன்படி 45 நாளுக்கு மேல் பாக்கியை இழுத்தடிக்க முடியாது. சரக்குக் கொடுத்தவர் ஊரை வைத்துத்தான் விசாரணை. நெல் விளைவிக்கிறவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். 2020இல் கொண்டுவந்த வேளாண் வணிகச் சட்டமோ பாக்கித் தகராறுக்கு நம்மை சிவில் கோர்ட்டுக்கே போகவிடாமல் கோட்ட அதிகாரி முன்னால் நிறுத்தப் பார்த்தது. போராடித்தான் அதை வாபஸ் வாங்க வைத்தோம். வாங்குகிறவனுக்கு அவன் ஊரில் வழக்குப் போடும் உரிமை உண்டென்றால், விளைவித்துக் கொடுத்தவனுக்கும் அந்த உரிமையைச் சட்டத்திலேயே எழுது என்று நம் அடுத்த மாநாட்டில் தீர்மானம் போட வேண்டும்.

பெரியவர் சொன்னபடி, "எங்கள் ஊர் கோர்ட்டில் வழக்குத் தொடரப்படும்" என்று வக்கீல் நோட்டீஸ் விட்டேன். பதினோராம் நாள் 20,000 வந்தது. மீதி 18,000க்குத் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்திருக்கிறேன். அங்கே கட்டணம் இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடியும். முடிந்தால் அப்பீல் கிடையாது. அவர் வராவிட்டால் முன்சீப் கோர்ட்தான். தேதி குறுவை நடவு வாரத்தில் விழுந்திருக்கிறது. பரவாயில்லை, நாற்றுப் பறிக்கிறவர்களுக்குக் காலையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டே பஸ் ஏறலாம்.