உலர்ந்த தேயிலையும் உலராத உணவும்

பூஞ்சணம் பிடித்த பண்டத்தை உண்போர் அறியாமையினால் உண்கின்றனர் என்று கூறுவார் உளர். வெயிலில் நன்கு காயவைத்துத் தெரிந்தெடுத்துச் சமையுங்கள் என்பதோடு அவர்தம் அறிவுரை முற்றுப்பெறும். ஆனி, ஆடி மாதங்களில் நோட்டன் பிரிட்ஜில் ஒருநாளேனும் தங்கியவர் இவ்வாறு கூறத் துணியார். தென்மேற்குப் பருவமழையை நேரே எதிர்கொள்ளும் அம்மலைச்சரிவில் வெயில் ஏது? ஒற்றைக் காம்பராவும் இஸ்தோப்புமே வீடாகிய லயத்தில், அரிசிச் சாக்கு ஈரச்சுவரை ஒட்டியே கிடக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் பழி முழுவதையும் லயத்தின்மேற் சுமத்துதலும் பொருந்தாது. அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சினைத் தோற்றுவிக்கும் பூஞ்சணம், குளிரைக் காட்டிலும் வெப்பமும் ஈரமும் ஒருங்கே கூடிய இடத்தையே பெரிதும் நாடுவது. ஆதலின், சமவெளியிற் சரிவர உலராது மூட்டை கட்டப்பட்ட மிளகாயிலும் கடலையிலும், அவை மலையேறு முன்னரே நஞ்சு சேர்ந்திருத்தல் கூடும். சமையற் சூட்டில் அது முற்றாக அழிவதில்லை. தெரிந்தெடுத்தல் ஓரளவு பயன்தரும் என்பது மெய்யே. கடையில் தூளாகவே வாங்கிய மிளகாயில் எதனைத் தெரிந்தெடுப்பது?

1960இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்குத் தின்ற ஓர் இலட்சம் வான்கோழிகள் மாண்டதன் பின்னரே உலகம் இந்நஞ்சினை அறிந்தது. 1974இல் குஜராத், இராஜஸ்தான் பழங்குடி மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு இறந்தனர். 2004இல் கென்யாவில் 125 பேர் இறந்ததும் மக்காச்சோளத்தாலேயே. வேறு தானியம் கிட்டாதோரே இரு நாட்டிலும் மாண்டோர். இவ்வாறு கூட்டமாக இறந்தாற் செய்தியாகும். நாள்தோறும் சிறுகச் சிறுக உட்சென்று, ஆண்டுகள் பல கழிந்தபின் ஈரலிற் புற்றுநோயை விளைவிக்கும்போது எவரும் உணவை ஐயுறுவதில்லை.

இதே மலையில் ஒரு பொருளுக்கு மட்டும் ஈரத்தினின்றும் முழுக்காப்பு உண்டு. தேயிலை, நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு ஈரமே எஞ்சுமாறு உலர்த்தப்பட்டு, காற்றுப் புகாத உறையிற் கப்பலேறுகிறது. ஐரோப்பியர் விதித்த வரம்புகளை மீறினால் சரக்குத் திரும்பிவிடும் என்னும் அச்சமும் உண்டு. கொழுந்து கொய்தவள் வாங்கும் மிளகாய்த்தூளைப் பற்றி அவ்வாறு அஞ்சுவார் யார்? 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு காணப்பட்டபோது நாடே கொதித்தது. சரக்கும் திருப்பி அனுப்பப்பட்டது. துறைமுகத்தில் இயன்ற சோதனை தோட்டக் கடையில் மட்டும் இயலாதோ?

கடைகளில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவினை லயங்களிலே தமிழில் ஒட்டுதல் அரசின் கடன். 1992 முதல் தோட்டங்களை நிருவகிக்கும் கம்பனிகளோ, தொழிலாளரின் தானியத்தை உலர்த்தத் தொழிற்சாலையில் ஒரு மூலையேனும் ஒதுக்கலாம். மிளகாய் நெடியால் தேயிலையின் மணம் கெடும் என்பாராயின், உலர்த்தியின் சூடு வெளியேறும் புறத்தில் ஒரு தனிக் கொட்டில் போட்டுக் கொடுக்கட்டும். நான்கு தூணும் சில தகரங்களுமே அதற்குச் செலவு.